படகு இல்லாத தீவுகள்

குந்துகால் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது குருசடைத் தீவு. பாம்பனை ஒட்டிய சின்னஞ்சிறு தீவுதான்; ஆனால் உயிரியல் படித்தவர்களிடையே அதற்கு ஏறத்தாழ நூறாண்டுப் பேர் உண்டு. முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் பலனோகிளாசஸ் என்னும் புழு போன்ற உயிரி அங்கே மணலுக்குள் வாழ்கிறது. அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் தனி வெளியீடே கொண்டுவந்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அதன்பின் நினைத்தவர் நினைத்தபோது இத்தீவுகளில் இறங்க முடியாது. குருசடையைப் பார்க்க விரும்புகிறவர் வனத்துறையின் படகில் ஏறி, உடன் வருபவர் காட்டுவதைப் பார்த்து, சொன்ன நேரத்தில் கரை திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டில் படகு ஓசைப்படாமல் மூன்று வேலைகளைச் செய்துவிடுகிறது. எத்தனை பேர் போகலாம் என்பதை அதன் இருக்கைகளே முடிவு செய்கின்றன. எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அது திரும்பும் நேரம் முடிவு செய்கிறது. ஓட்டுபவரும் விளக்குபவரும் கூடவே வருவதால் யாரும் துணையில்லாமல் தீவில் திரிவதில்லை. அளவு, நேரம், துணை என்ற இந்த மூன்றும் கடல் சூழ்ந்த இடங்களுக்கு மட்டும் உரியவை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கடலே இல்லாத திருவண்ணாமலை மாவட்டத்துக்குத்தான் இவை மிக அவசரமாகத் தேவைப்படுகின்றன.

திருவண்ணாமலை என்றதும் நினைவுக்கு வருவது கூட்டம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை லட்சக்கணக்கான கால்களைத் தாங்குகிறது. கார்த்திகை தீபத்தன்று அது இன்னும் பல மடங்காகிறது. சென்னையிலிருந்து கிரிவலத்துக்கென்றே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒருநாள் பயணம் நடத்துகிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து தினசரி ரயிலும் ஓடுகிறது. ஆக, ஒருநாள் பயணம் என்ற பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் வந்து இறங்கும் அத்தனை பேரும் ஒரே மலையைச் சுற்றி, ஒரே கோயிலில் வரிசையில் நின்று, சில ஆசிரமங்களை எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே பேருந்து ஏறிவிடுகிறார்கள். 1989 செப்டம்பரில் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் மற்றப் பகுதிகள், அந்தப் பேருந்துகள் நிற்காமல் கடந்துபோகும் வழிகளாகவே இருக்கின்றன. அங்கே சமவெளியில் தனித்தனியாக எழும் குன்றுகளில் பல்லவர் குடைந்த குகைகளும், சமணர் படுத்த பாறைகளும், வட்டெழுத்து வெட்டிய நடுகற்களும் உள்ளன. ஆளரவம் இல்லாத தீவுகள் என்று அவற்றைச் சொல்லலாம். கடல் தீவுக்கும் இவற்றுக்கும் ஒரே வித்தியாசம்தான்: இங்கே படகு கிடையாது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எதை எடுத்துக்கொண்டும் ஏறலாம்.

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே போகும் பெங்களூர்ச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது செங்கம். செய்யாற்றங்கரையில் உள்ள இந்த ஊர் சங்க இலக்கியத்தில் நன்னன் என்ற தலைவனின் ஊர். பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாம் 583 அடிகளில் இவனைப் பாடுகிறது, பாடியவர் பெருங்கௌசிகனார். அதில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலைதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. செங்கம் வேணுகோபாலப் பார்த்தசாரதி கோயிலில் நாயக்கர் காலத்து இராமாயண ஓவியங்கள் உள்ளன. ஊரைச் சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைத் தொகுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. இந்த வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாடுகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்துபோனான். கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது. வீரனோடு சேர்த்து அந்த நாயையும் செதுக்கி, அதன் பேரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பேரைக் கல்லில் எழுதிய ஊர் இது என்ற செய்தி, அந்த வழியே தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

வடகிழக்கே போளூரைத் தாண்டினால் திருமலை. பாறையில் செதுக்கிய பதினாறு அடி உயர நேமிநாதர் நிற்கும் சமணத் தலம். தமிழ்நாட்டின் மிக உயரமான தீர்த்தங்கரர் உருவம் இதுவே. அடிவாரத்தில் குகையோடு சேர்த்துக் கட்டப்பட்ட அறைகளில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. முதலாம் இராஜராஜனின் தமக்கை குந்தவையின் பேரில் இங்கே ஒரு ஜினாலயம் இருந்தது. அங்குள்ள பாறைக் கல்வெட்டு ஒன்று இராஜேந்திர சோழன் வடக்கே வங்கம் வரை வென்றதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வணிகரின் மனைவி குந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் கொடுத்த காசில் வந்து நிற்கிறது. ஏறத்தாழ 1025ஐ ஒட்டிய கல்வெட்டு இது. இன்னும் கிழக்கே, வந்தவாசி வட்டாரத்தில் தேசூர் அருகே இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்மன் குடைவித்து அவனிபாஜன பல்லவேச்சுரம் எனப் பேரிட்ட குகைக்கோயில் அங்கே உள்ளது. அதன் தூண் ஒன்றில் அருகே பாம்பு படமெடுக்கச் சிவன் ஒரு காலைத் தூக்கி ஆடுகிறார். சோழர் செம்பில் வார்த்த நடராசருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய இந்தச் சிறு சிற்பத்தை, தமிழகத்தின் மிகப் பழைய ஆடவல்லான் உருவங்களில் முதன்மையானதாகக் கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அதே குன்றின் மேலே பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி உருவங்கள் பாறையில் உள்ளன. காஞ்சிபுரத்தை ஒட்டி மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள மாமண்டூர்க் குகைகளையும் சேர்த்தால், மகேந்திரன் என்ற ஒற்றை மன்னனைப் புரிந்துகொள்ளவே இந்த மாவட்டம் போதும். மாமல்லபுரத்தில் பெறமுடியாத ஒன்றும் இங்கே கிடைக்கிறது: பக்கத்தில் ஆளில்லாமல் ஒரு சிற்பத்தின் முன் கால்மணி நேரம் நிற்கலாம்.

இந்த இடங்கள் ஓசையின்றி இருப்பதற்குத் தூரம் காரணமல்ல. எல்லாமே தார்ச்சாலைக்கு அருகில், மாவட்டத் தலைநகரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. காரணம், இவை தாமாகப் பேசுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வாய்பிளக்க யாருடைய விளக்கமும் வேண்டாம். சீயமங்கலத் தூணின் சிற்பமோ எட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் தென்படும். தென்பட்டாலும் அது ஏன் முக்கியம் என்பது சொன்னால்தான் புரியும். இராஜேந்திரன் கல்வெட்டு பழகாத கண்ணுக்கு வெறும் கீறல். நடுகல் என்பது பாதி புதைந்த பலகைக்கல். ஆகவே ஆளில்லாத இடங்களுக்கு வழிகாட்டி என்பவர் வசதிக்காக வரும் கூடுதல் ஆள் அல்லர். அவர் இல்லாவிட்டால் அங்கே பார்க்கவே ஒன்றும் இராது. இதைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வரும் வறிய கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்த நூல்தான் மலைபடுகடாம். எந்த இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அங்கே விடிந்தபின் பார்த்துப் போங்கள் என்கிறது. தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள் என்கிறது. பாசி வழுக்கும் குளக்கரையில் நாணல் கோலைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து போடச் சொல்கிறது. மரத்தடியில் எழுத்து வெட்டிய நடுகல் நிற்பதையும் குறிக்கிறது. எந்தக் குடியிருப்பில் என்ன சோறு கிடைக்கும், எதைச் சொன்னால் உங்கள் வீடுபோல் உள்ளே போகலாம் என்பது வரை அதில் உண்டு. இன்று ஒரு வழிகாட்டிக்குப் பயிற்சி தருபவர் கேட்கும் அத்தனையும் இதில் அடங்கியிருக்கிறது: ஆபத்து எங்கே, எதை மதிக்க வேண்டும், உள்ளூர்க்காரர்களிடம் எப்படி நடக்க வேண்டும், அடுத்து வருபவருக்கு என்ன விட்டுச்செல்ல வேண்டும். இதே மாவட்டத்து மலையைப் பற்றி, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பயணக் கையேடு அது.

சிறு குழுக்களை வழிகாட்டியோடு இந்த இடங்களுக்கு ஒருநாள் பயணமாக அழைத்துச் செல்வது நடைமுறையில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு மதுரை விடை சொல்கிறது. யானைமலைக்கு ஆபத்து வந்த 2010ஐ ஒட்டிய நாட்களில், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுக்கப் ‘பசுமை நடை’ தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கு மக்கள் ஒன்றாகப் போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டையும் சிற்பத்தையும் எளிய தமிழில் விளக்குவார்கள். அரசின் திட்டமோ பெரிய முதலீடோ இல்லாமல் நடந்தது அது. மலைகளை உடைத்து விற்கும் பொருளாகவே பார்க்கப் பழகிவிட்ட ஊரில், அதே மலைகளைப் படிக்கப் பழகிய ஒரு தலைமுறையை அது உருவாக்கியது. மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் விடப்பட்டபோது ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்டத்தின் உயிர்நாடி நிலமும் நீரும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டபோது, தமிழிக் கல்வெட்டு, குடைவரை, சமணர் படுகை, வல்லூறு என்று உடனே பதில் சொல்ல ஊரே தயாராக இருந்தது. ஒரு குன்றைப் பற்றிப் பேச ஆள் இருந்தால்தான் அதற்காக வாதாட ஆள் கிடைக்கும்.

இத்தகைய பயணங்களுக்கு வரும் முதல் மறுப்பு எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. ஆளில்லாமல் இருப்பதால்தான் இந்த இடங்கள் பிழைத்திருக்கின்றன. பேர் பரவினால் பிளாஸ்டிக் பாட்டிலும் ரீல்ஸ் எடுக்கும் கூட்டமும் வந்துவிடும், அதன்பின் ஓசையின்மையும் இராது, ஓவியமும் இராது என்பார்கள். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்வது அது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது: யாரும் வருவதில்லை என்பதை யாரும் சேதப்படுத்துவதில்லை என்று எடுத்துக்கொள்கிறது. பார்வையாளர் இல்லாத குன்றுக்கும் குவாரிக்காரர் வருவார். புதையல் தேடுபவர் வருவார். பாறையில் காதலி பேரை எனாமல் பெயின்டில் எழுதுபவர் வருவார். இரவில் குடிக்க வருபவர் வருவார். இவர்களைத் தடுக்க ஆள் போடும் அளவுக்குத் தொல்லியல் துறையிடம் காவலர்கள் இல்லை. நல்லவர்கள் வராத இடம் காலியாக இருந்துவிடுவதில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது என்பதற்கும் சான்று இல்லை. அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் பழங்காலத் துறவியர் குடில்கள் உள்ளன. நாளொன்றுக்கு 180 பேருக்கு மேல் அங்கே இறங்க முடியாது. 2015இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தில் அந்தத் தீவு வந்தபின் உலகமே அங்கு போக ஆசைப்பட்டது. ஆசைக்கு ஏற்ப எண்ணிக்கையை அவர்கள் ஏற்றிவிடவில்லை. கலாபகஸ் தீவுகளில் உரிமம் பெற்ற இயற்கை வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் பெரும்பாலான பார்வையிடங்களுக்குப் போக முடியாது. ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான் கணக்கு. பேர் பரவுவது வேறு, கதவு திறந்து கிடப்பது வேறு. நாம் பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

அடுத்த மறுப்பு உள்ளூரிலிருந்து வரும். இவை காட்சிப் பொருள்கள் அல்ல, வழிபடும் இடங்கள் என்பார்கள். உண்மைதான். போளூர், ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் இன்றும் உழுது வாழ்கிறார்கள். திருமலை அவர்களுடைய புனிதத் தலம். செங்கம் பக்கத்து நடுகற்களில் பல, வேடியப்பன் என்ற பேரில் பொங்கல் படைக்கப்படும் சாமிகள். வெளியிலிருந்து வரும் உத்தரவு இந்த உணர்வை எப்படிச் சீண்டும் என்பதை திருவண்ணாமலையே பார்த்திருக்கிறது: 2002இல் அருணாசலேசுவரர் கோயிலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது ஊர் கொதித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் கோயில் பழைய நிர்வாகத்திலேயே தொடர்ந்தது. அந்த அனுபவம் சொல்வது ஒன்றே: இடத்துக்கு உரியவர்களிடமிருந்து சாவியைப் பறித்தால் எந்தத் திட்டமும் நடக்காது. அதனால்தான் வழிகாட்டிகள் அந்தந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்கிறோம். திருமலையில் செருப்பை எங்கே விட வேண்டும், எந்த நேரத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே வழிபடும் குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரியும். வேடியப்பனுக்குப் படையல் நடக்கும் நாளில் வேனை அனுப்பக்கூடாது என்பதை அந்த ஊர்ப் பூசாரியே சொல்லலாம். கல்லில் உள்ள வீரனைத் தங்கள் குலசாமியாகக் கும்பிட்டவர்கள்தாம் அந்தக் கல்லை இத்தனை நூற்றாண்டுகள் உடையாமல் காத்தார்கள். கல்வெட்டு சொல்லும் கதையும் ஊர் சொல்லும் கதையும் பொருந்தாமல் போகலாம். போகட்டும், இரண்டையும் சொல்லத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி.

எண்ணிக்கையைக் குறைத்தால் காசுள்ளவர்களுக்கு மட்டும் இடம் கிடைக்கும் என்ற மறுப்பும் உண்டு. அளவு வைப்பதும் விலை வைப்பதும் ஒன்றல்ல. இருக்கை குறைவாக இருக்கிறது என்பதற்காக அதிக விலை கொடுப்பவருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. முன்பதிவு வரிசை, குலுக்கல், பள்ளி மாணவர்களுக்குத் தனி நாட்கள் என்று வழிகள் பல. அந்த ஊர்க்காரர்களும் வழிபட வருபவர்களும் எந்தக் கணக்கிலும் சேரமாட்டார்கள். அளவு வெளியிலிருந்து பார்க்க வரும் குழுக்களுக்கே. நியாயமான காரணம் சொன்னால் அளவை நம் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலை உச்சிக்கு ஏற, லட்சக்கணக்கில் திரண்ட பக்தர்களில் சில ஆயிரம் பேருக்கே அனுமதிச் சீட்டு தருவது சில ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டு வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேறவே அனுமதிக்கப்படவில்லை. தீபம் ஏற்றப்பட்டது, மக்கள் கீழே நின்று கும்பிட்டார்கள். தமிழ்நாட்டின் மிகத் தீவிரமான பக்தி திரளும் நாளிலேயே மலையின் தாங்குதிறனுக்காக எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது என்றால், சீயமங்கலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேன் போதும் என்று சொல்வதில் என்ன தடை இருக்கிறது?

கைப்பேசியில் எல்லாமே இருக்கிறது, ஆள் எதற்கு என்றும் கேட்கலாம். இந்த இடங்களைப் பற்றி நல்ல காணொளிகள் இருக்கின்றன. வரைபடம் வாசலிலேயே கொண்டுபோய் விடும். ஆனால் கைப்பேசி தகவலைத் தருமே தவிர, பாறை ஓவியத்தின் மேல் கை வைக்கப்போகும் பையனைத் தடுக்காது. பூட்டியிருக்கும் கதவின் சாவி யாரிடம் என்று அதற்குத் தெரியாது. காணொளி பார்த்துத் தனியே போகிறவர் ஊருக்கு ஒரு ரூபாய் தருவதில்லை. ஊரும் அவரை யாரோ என்றுதான் பார்க்கிறது. இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்தின் கல்வெட்டுகளும் நடுகற்களும் இன்னும் முழுதாகக் கணக்கெடுக்கப்பட்டு முடியவில்லை. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் போன்ற உள்ளூர் அமைப்புகள் புதுப்புதுக் கற்களைக் கண்டு சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கல் வெளிவரும்போது முதலில் அதைப் பார்ப்பவர் ஏர் ஓட்டுபவரோ ஏரி தூர்வாரும் வேலைக்கு வந்தவரோதான். அது வெறும் கல்லல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியவைப்பது அந்த ஊரிலேயே ஒரு வழிகாட்டி இருப்பதுதான்.

கடைசியாக, பொருளாதாரக் கேள்வி: இரண்டு வேனில் நாளுக்கு முப்பது பேர் வந்தால் யாருக்கு என்ன லாபம்? சாத்தனூர் அணைக்கு வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லைதான். ஆனால் செலவும் அப்படியே. சிறிய குழுவுக்கு ரிசார்ட் வேண்டாம், ரோப்கார் வேண்டாம், பாறையை உடைத்துப் பார்க்கிங் கட்ட வேண்டாம். வேண்டியவை சுத்தமான கழிப்பறை, குடிநீர், நிழல், மதியச் சோறு, சம்பளம் பெறும் வழிகாட்டி. பயணம் இப்படி இருக்கலாம்: வாரத்தில் குறித்த நாட்களில் திருவண்ணாமலையிலிருந்து விடியற்காலையில் வேன் கிளம்பும். மேற்கு வழி ஒன்று: செங்கம் ஓவியங்கள், நடுகற்கள், நவிரமலை அடிவாரத்தில் மலைபடுகடாம் பற்றிய பேச்சு. வடகிழக்கு வழி மற்றொன்று: காலையில் திருமலை, வழியில் தேவிகாபுரத்துப் பெரிய கோயில், பிற்பகலில் சீயமங்கலம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஊரின் வழிகாட்டி ஏறிக்கொள்வார். சாப்பாடு அந்தந்த ஊர் மகளிர் குழு சமைத்தது. கோடைப் பாறைச்சூட்டில் நடத்தாமல் ஐப்பசி முதல் மாசி வரை வைத்துக்கொள்ளலாம். சுற்றுலாத் துறை முன்பதிவைப் பார்த்துக்கொள்ள, தொல்லியல் துறை பாடத்தைத் தயாரிக்க, பணத்தின் பெரும்பங்கு ஊருக்கே போகலாம். முப்பது பேர் என்பது மாவட்டத்துக்குச் சிறிய எண். சீயமங்கலம் போன்ற சிற்றூரில் இரண்டு மூன்று குடும்பங்களின் வருமானம்.

தொடங்கும்போது வரும் ஆபத்து வேறு. முதல் ஆண்டு நன்றாக நடந்தால், அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் வருகையாளர் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்பட விரும்புவார்கள். இரண்டு வேன் நான்காகும், நான்கு பத்தாகும். சுற்றுலாவை ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் என்று அளக்கும் பழக்கம் நம் நிர்வாகத்தில் ஊறியது. அந்த அளவுகோலை வைத்தால் இந்தத் திட்டம் தோற்றே தீரும். தோற்காமல் இருக்க முயன்றால் இடங்கள் தோற்றுவிடும். ஆகவே அளவுகோலையும் முதலிலேயே மாற்றி எழுதிவைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: திருமலை ஓவியங்களில் புதிய கீறல் உண்டா? செங்கம் வட்டாரத்தில் புதிதாகக் கண்ட நடுகற்கள் எத்தனை, அவற்றை முதலில் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள்? சீயமங்கலத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் வெளியாளுக்கு அந்தத் தூணைக் காட்டிக் கதை சொல்வார்கள்? இந்த எண்கள் ஏறியிருந்தால், வந்தவர்கள் சில நூறு பேராக இருந்தாலும் திட்டம் வென்றது. முதல் வேனில் ஏற வேண்டியவர்கள் யார் என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. சென்னைக்காரரும் வெளிநாட்டவரும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கலாம். இந்தக் குன்றுகளின் நிழலிலேயே படித்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் மாமல்லபுரத்தின் படத்தை மட்டும் பார்த்து வளரும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே அந்த இருக்கைகள் முதலில் சேர வேண்டும்.